அயல்வீட்டுப் பாத்திரங்கள்

வேத வாசிப்பு: 2 இராஜாக்கள் 4:1-7, கலாத்தியர் 6:2

 

மேலே கொடுத்திருக்கிற வேதபகுதியை முதலில் திறந்து வாசித்துவிட்டு வாங்க. எலிசாவின் நாட்களில் ஒரு விதவை. புருஷன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், கர்த்தருக்குப் பயந்தவன். இன்றைய வழக்கப்படி சொன்னால் அவள் ஒரு ஊழியக்காரருடைய மனைவி. அந்த வீட்டில் கடன்! கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகப் பிடித்துக்கொண்டு போக வாசலில் வந்து நிற்கிறான். வீட்டில் ஒரு குடம் எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை.

இந்த அற்புதத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். எண்ணெய் பெருகினதைச் சொல்லி அல்லேலூயா என்போம். ஆனால் அந்த எண்ணெய் எதில் பெருகினது? அவளுடைய சொந்தப் பாத்திரத்தில் மட்டும் அல்ல. பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கின பாத்திரங்களில் பெருகினது! அற்புதம் பரலோகத்திலிருந்து வந்தது. அதைப் பிடித்து வைத்த பாத்திரங்கள் அயல்வீட்டுப் பெண்களின் அடுப்பங்கரையிலிருந்து வந்தன. இதைத்தான் ஆவியானவர் இந்த மாதம் என் உள்ளத்தில் பாரமாக வைத்தார்.

இதற்கு உதாரணமாக மெனோனைட் சபைப் பெண்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். நம் பக்கத்தில் பலர் அந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டோம். ஆராதனை முறையிலும் சில உபதேசங்களிலும் அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் விசுவாசித்து, அறிக்கையிட்டு, பிறகே ஞானஸ்நானம் என்று நாம் பிடித்துக்கொண்டிருக்கிற சத்தியத்துக்காக இரத்தம் சிந்தின சந்ததி அவர்கள். 1525-ம் வருஷம் ஜனவரி 21-ம் தேதி, சுவிட்சர்லாந்து தேசத்து சூரிச் நகரில் ஒரு வீட்டில் சில விசுவாசிகள் கூடி, பெரியவர்களாய் ஞானஸ்நானம் எடுத்தார்கள். 2025-ல் அதற்கு 500 வருஷம் நிறைவாயிற்று. நெதர்லாந்தில் குருவாயிருந்த மென்னோ சைமன்ஸ் என்பவர் 1536-ல் தன் பதவியை விட்டு வெளியே வந்து இந்த மக்களை மேய்த்தார். அவர் பேரால்தான் மெனோனைட் என்று அழைக்கப்படுகிறார்கள்.

1. அவள் வாயைத் திறந்தாள்

விதவை செய்த முதல் காரியம் என்ன? எலிசாவிடம் போய்க் கூப்பிட்டுச் சொன்னாள். என் புருஷன் இறந்துபோனான், கடன் இருக்கிறது, பிள்ளைகளைக் கேட்கிறான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஊழியக்காரர் வீட்டு மரியாதை போய்விடுமே என்று மூடி மறைக்கவில்லை.

1573-ம் வருஷம். பெல்ஜியத்திலுள்ள ஆண்ட்வெர்ப் பட்டணம். மேய்க்கன் வென்ஸ் என்கிற தாயைத் தன் விசுவாசத்துக்காக உயிரோடே சுட்டெரிக்கத் தீர்ப்பு வந்தது. போகிற வழியில் ஜனங்களுக்குச் சாட்சி சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் அவள் நாக்கைத் திருகாணி போட்டு இறுக்கினார்கள். ஏறக்குறைய 15 வயதான அவளுடைய மூத்த மகன் ஆட்ரியன் தன் சின்னத் தம்பியையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனான். அம்மாவைக் கம்பத்தில் கட்டினபோது மயங்கி விழுந்துவிட்டான். எல்லாம் முடிந்து ஜனங்கள் கலைந்துபோன பிறகு சாம்பலைக் கிளறி, அந்தத் திருகாணியைத் தேடி எடுத்து, அம்மாவின் ஞாபகமாக வைத்துக்கொண்டான்.

அதே வருஷம், அதே பட்டணத்தில், யான்னகன் முன்ஸ்டார்ப் என்கிற இளம் பெண் சிறைச்சாலையிலேயே பெண்குழந்தையைப் பெற்றாள். புருஷனை முன்னமே எரித்துவிட்டார்கள். பால்குடி மறவாத குழந்தையை உறவினர் கையில் ஒப்படைத்துவிட்டு, அந்தக் குழந்தை வளர்ந்து வாசிக்கும்படி ஒரு நீண்ட கடிதம் எழுதினாள். தேவனுக்குப் பயந்து நட, அப்பா அம்மா இப்படிச் செத்தார்களே என்று வெட்கப்படாதே என்பதே அதின் சாரம். இப்படிப்பட்ட கடிதங்களை 1660-ல் வெளிவந்த இரத்தசாட்சிகளின் பெரிய புஸ்தகத்தில் சேர்த்து வைத்தார்கள். இன்றைக்கும் மெனோனைட் குடும்பங்கள் வாசிக்கிறார்கள்.

எனக்கு அன்பானவர்களே, அவர்களுடைய நாக்கை மற்றவர்கள் கட்டினார்கள். நம்முடைய நாக்கை யார் கட்டினது? ஒரு திருகாணியும் இல்லாமலே நாம் கட்டிப்போட்டிருக்கிறோமே! சாட்சி நேரத்தில் மைக்கைக் கையில் வாங்கினால் என்ன சொல்லுகிறோம்? “கர்த்தர் நல்லவர், சுகம் கொடுத்தார், வேலை கொடுத்தார், ஸ்தோத்திரம்.” நல்லது, சொல்லத்தான் வேண்டும். ஜெயம் வந்த பிறகு பேசுகிறோம். ஆனால் பாரம் இருக்கும்போது பேசுகிறோமா? மாதாந்திர உபவாச ஜெபத்தில் ஜெபக்குறிப்பு எழுதச் சொன்னால் “குடும்ப ஆசீர்வாதத்துக்காக” என்று நாலு எழுத்தில் முடித்துவிடுகிறோம். அந்த நாலு எழுத்துக்குள்ளே குடிக்கிற புருஷன் இருக்கிறான், அடகில் முழுகிப்போன தாலி இருக்கிறது, மூணு மாசமாய்ப் பணம் அனுப்பாத வெளிநாட்டுக்காரர் இருக்கிறார். ஆண்டவருக்குத் தெரியும். பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிற சகோதரிக்குத் தெரியாது.

2. அயல்வீட்டார் பாத்திரம் கொடுத்தார்கள்

எலிசா தன் சொந்தப் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. போய், உன் அயல்வீட்டாரிடம் வெறும்பாத்திரங்களைக் கேள், கொஞ்சமாய்க் கேட்காதே என்றான். அந்த அயல்வீட்டுக்காரிகள் எண்ணெய் கொடுக்கவில்லை; அவர்களிடமும் இல்லாதிருந்திருக்கலாம். காலிப் பாத்திரத்தைக் கொடுத்தார்கள். அது போதுமாயிருந்தது.

மெனோனைட் பெண்களிடத்தில் நான் கண்ட பெரிய பாடம் இதுதான். விசுவாசத்தை ஒரு பக்கமும் அடுப்பங்கரையை ஒரு பக்கமும் அவர்கள் வைக்கவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் அவர்கள் தையல் கூட்டம் கூடுவார்கள். ஒரு பெரிய மரச்சட்டத்தில் போர்வையைக் கட்டி, சுற்றிலும் பத்துப் பேர் உட்கார்ந்து, துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைப்பார்கள். கை தைக்கும், வாய் பேசும். யார் வீட்டில் வியாதி, யார் மகள் மாசமாயிருக்கிறாள், யாருக்கு மனசு ஒடிந்திருக்கிறது என்று எல்லாம் அந்தச் சட்டத்தைச் சுற்றியே வெளியே வரும். ஜெபமும் அங்கேயே நடக்கும். அந்தப் போர்வைகள் யுத்தத்தில் வீடிழந்த அகதிகளுக்குப் போய்ச் சேரும். 1920-ல் ருஷ்யா, உக்ரைன் பகுதியில் பட்டினி கிடந்தவர்களுக்காக அவர்கள் ஆரம்பித்த மெனோனைட் மத்தியக் குழு இன்றும் இப்படிப் போர்வைகளைச் சேகரித்துப் பல தேசங்களுக்கு அனுப்புகிறது.

இன்னொன்று பாருங்க. 1974-ல் உலகத்தில் உணவுப் பஞ்சம் பெரிதாகப் பேசப்பட்டபோது, ஒவ்வொரு வீடும் சாப்பாட்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று அந்தக் குழு தன் ஜனங்களைக் கேட்டுக்கொண்டது. எப்படிக் குறைப்பது? டோரிஸ் ஜான்சன் லாங்கேகர் என்கிற சகோதரி, வீட்டுப் பெண்களிடமிருந்தே சமையல் குறிப்புகளைக் கேட்டு வாங்கினார். பருப்பு, தானியம், காய்கறியை வைத்துச் சிக்கனமாயும் சத்தாயும் சமைக்கிற வழிகளைத் தொகுத்து 1976-ல் ஒரு புஸ்தகமாக வெளியிட்டார். இலட்சக்கணக்கில் விற்றது. ஆக்கித் தின்கிற காரியம் பக்திக்குச் சம்பந்தமில்லாதது என்று அந்தப் பெண்கள் நினைக்கவில்லை. 1979-ல், 39 வயதிலேயே புற்றுநோயால் அந்தச் சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆனாலும் அவர் கேட்டு வாங்கின “பாத்திரங்கள்” இன்னும் பல வீடுகளில் நிரம்பிக்கொண்டிருக்கின்றன.

“இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, நமக்கென்ன?” என்று கேட்கிறீர்களா? நம் இந்தியாவிலும் மெனோனைட் சபைகள் ஏராளம். 1889-ல் ஆபிரகாம் ஃப்ரீசன், மரியா ஃப்ரீசன் என்கிற தம்பதியர் ருஷ்யாவிலிருந்து புறப்பட்டு, தெலுங்கு தேசத்தில் நல்கொண்டாவுக்கு வந்து ஊழியம் செய்தார்கள். இன்று தெலங்கானாவில் மகபூப்நகர், சம்ஷாபாத், கத்வால் பக்கமெல்லாம் மெனோனைட் பிரதரன் சபைகள் இருக்கின்றன. அங்கே 1907-ல் வந்த டாக்டர் கேத்தரினா ஷெல்லன்பர்க் என்கிற சகோதரி கல்யாணம் பண்ணாமல், 1945-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி சம்ஷாபாத்தில் மரிக்கும் வரைக்கும் வைத்தியம் பார்த்தார். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே வேதனைப்படுகிற பெண்கள் நிறைந்த அந்தக் காலத்தில், ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து “எங்கே வலிக்குது?” என்று கேட்பதே ஒரு சுவிசேஷம் அல்லவா? மருந்தும் வேதமும் ஒரே கையில் போயின. தெலுங்கு வேதாகம ஸ்திரீகளும் வீடு வீடாகப் போய் வசனம் சொல்லிக் கொடுத்தார்கள்.

மத்திய இந்தியாவில் தம்தரி என்கிற ஊரிலும் 1899-ல் மெனோனைட் ஊழியம் ஆரம்பித்தது. ஆரம்பித்த கையோடு கொடிய பஞ்சம். அநாதைப் பிள்ளைகள் குவிந்தார்கள். சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள், பெண்பிள்ளைகளுக்கும் இல்லம் வைத்து வளர்த்தார்கள்.

எழுப்புதலை வாஞ்சிக்கிற நமக்கு இங்கே ஒரு முக்கியமான காரியம் உண்டு. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னே, 1896-97 பஞ்சத்தில், பண்டித ரமாபாய் அம்மையார் மத்திய மாகாணத்துக்குப் போய், நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகளை மீட்டுக் கொண்டுவந்தார். பூனாவுக்குப் பக்கத்தில் கேட்காவ் என்கிற ஊரிலே முக்தி இல்லத்தில் வைத்து ஆதரித்தார். 1905-ம் வருஷத் தொடக்கத்தில் அங்கே ஏறக்குறைய 70 பேர் தினமும் கூடி ஜெபிக்க ஆரம்பித்தார்கள். ஜூன் மாதத்தில் ஆவியானவரின் அக்கினி இறங்கினது! இந்தியப் பெந்தெகொஸ்தே சரித்திரம் எழுதுகிறவர்கள் அந்த முக்தி எழுப்புதலை விடமாட்டார்கள். யார் மேல் இறங்கினது? ஒரே கூரையின் கீழ் மாவாட்டி, ஒன்றாய்ச் சாப்பிட்டு, ஒருத்தி கண்ணீரை ஒருத்தி துடைத்த பிள்ளைகள்மேல் இறங்கினது. ஒருவரையொருவர் அறியாத கூட்டத்தில் சத்தம் வரலாம். எழுப்புதல் நிலைக்க வேண்டுமானால் பாத்திரங்கள் வேண்டும்.

நம் ஊரிலும் தையல் சட்டத்துக்குப் பதிலாக எத்தனையோ இருக்கிறது! செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் தாள் அரிகிற திண்ணை இருக்கிறது. வேப்பந்தட்டை பக்கம் பருத்தி எடுக்கிற காடு இருக்கிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகை இருக்கிறது. பத்துப் பெண்கள் சேர்ந்து உட்காருகிற இடம் எதுவானாலும் அது ஆண்டவர் வருகிற இடம்தான்.

ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்லுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம். புருஷன் வளைகுடா நாட்டில். சபைக்குத் தவறாமல் வருவாள். “எப்படி இருக்கே பாப்பா?” என்று கேட்டால் “நல்லாருக்கேங்க பாஸ்டரம்மா, ஸ்தோத்திரம்” என்பாள். திடீரென்று மூன்று வாரமாய்க் காணோம். நானும் இரண்டு சகோதரிகளும் போனோம். திண்ணையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். “ஏன் சபைக்கு வரல?” என்று நாங்கள் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு அரிவாளை எடுத்து அரிய ஆரம்பித்தோம். அரை மூட்டை முடிகிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவளாகவே, “அக்கா, நாலு குழுவுல வாங்கிட்டேன். ஒண்ணக் கட்ட இன்னொண்ணு. வாரம் வந்தா தெருவுல நின்னு சத்தம் போடுறாங்க. பருத்திக்கு அடிக்கிற மருந்து வீட்லதான் இருக்கு. ரெண்டு நாளா அதையே பாத்துக்கிட்டிருக்கேன்” என்றாள்.

சபையே, கேட்கிறீர்களா? வாராவாரம் நம்மோடு கைதட்டிப் பாடினவள்! அன்றைக்கு நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கட்டிப்பிடித்து ஜெபித்தோம். மருந்து பாட்டிலை எடுத்து வெளியே கொண்டுபோனோம். ஒருத்தி அன்றிரவு அவளோடேயே படுத்துக்கொண்டாள். மறுநாள் ஒரு நோட்டில் யாருக்கு எவ்வளவு, எப்போது என்று வரிசையாய் எழுதினோம். தவணை கேட்டு வருகிற நாளில் இரண்டு பேர் அவள் கூடவே நின்றோம். இரண்டு கடன் முடிந்தது. இரண்டு இன்னும் இருக்கிறது. எண்ணெய் ஒரே நாளில் பெருகவில்லை. ஆனால் இன்றைக்கு அவள் உயிரோடிருக்கிறாள். கர்த்தருக்கே மகிமை!

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, குறுங்கடன் வசூலிக்கிறவர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக்கூடாது. மிரட்டவோ கேவலமாய்ப் பேசவோ கூடாது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டிலும் 2025-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது நம் சாட்சி. ஆனால் மானத்தைப் பறிகொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

3. அவள் கதவைப் பூட்டினாள்

பாத்திரங்கள் வந்தவுடனே எலிசா சொன்னபடி அவள் கதவைப் பூட்டிக்கொண்டாள். ஏன்? அற்புதம் வேடிக்கைப் பொருள் அல்ல. உள்ளே நடந்தது தெருவுக்கு வரக்கூடாது.

நம் பெண்கள் ஏன் பேசுவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பதில்தான் வரும்: “சொன்னா வெளிய போயிடும்க்கா.” காலையில் ஜெபக்குறிப்பாகச் சொன்னது சாயங்காலம் குழாயடியில் கதையாகிவிடுகிறது. “இவங்களுக்காக ஜெபம் பண்ணுங்க” என்று சொல்லிக்கொண்டே இரகசியத்தை விற்கிறவர்களும் உண்டு. நீதிமொழிகள் 11:13-ஐ வாசித்து அவரவர் தங்களைச் சோதித்துப் பாருங்கள். பூட்டத் தெரியாத சபையில் எண்ணெய் பெருகாது.

அமெரிக்க மெனோனைட் பெண்கள் “சிஸ்டர் கேர்” என்று ஒரு பயிற்சியை ஆரம்பித்தார்கள். ரோடா கீனர், கரோலின் ஹெகன் என்கிற இரண்டு சகோதரிகள் அதை உருவாக்கினார்கள். லத்தீன் அமெரிக்காவிலும், நம் இந்தியாவிலும் நேபாளத்திலும் அது நடத்தப்பட்டது. மனக்காயப்பட்ட சகோதரி பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்பது, உடனே புத்தி சொல்லாமலிருப்பது, கேட்டதை வெளியே விடாமலிருப்பது, துக்கத்தை ஆண்டவரிடத்தில் கொண்டுபோகத் துணை நிற்பது என்று அடிப்படையான காரியங்களைக் கற்றுக் கொடுக்கிறார்கள். கேட்பதற்கும் பயிற்சியா என்று சிரிக்காதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த வரைக்கும் ஆறுதலாயிருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதானே கெட்டது!

ஒரு எச்சரிப்பையும் சொல்ல ஆவியானவர் ஏவுகிறார். இரகசியம் காப்பது வேறு, பாவத்தை மூடுவது வேறு. மெனோனைட்டுகள் சமாதான ஜனம், பட்டயம் எடுக்கமாட்டார்கள். ஆனால் அந்த உபதேசத்தைக் காட்டியே வீட்டில் அடிவாங்குகிற பெண்களைப் பொறுத்துப் போகச் சொன்ன காலமும் அவர்களுக்குள் இருந்தது. அவர்களுடைய பெண்களே எழும்பி, அடியைச் சகித்து மௌனமாயிருப்பது கிறிஸ்துவின் சமாதானம் அல்ல என்று சொன்னார்கள். மனநல ஆலோசகரான அந்தக் கரோலின் ஹெகன், கிறிஸ்தவ வீடுகளிலும் சபைகளிலும் நடக்கிற பாலியல் கொடுமையைப் பற்றி 1993-லேயே புஸ்தகம் எழுதினார். ஆகையால், ஒரு சகோதரி அடிபட்டு வந்தால் “ஜெபம் பண்ணு, சரியாயிடும்” என்று அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதேயுங்கள். ஜெபியுங்கள், பாதுகாப்பான இடத்தில் சேருங்கள், பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்காகத்தான் இருக்கிறது. சிறுபிள்ளைகளுக்குக் கொடுமை என்றால் 1098. இது அவிசுவாசம் அல்ல. விதவை எலிசாவிடம் போனது அவிசுவாசமா?

4. இருக்கிறதைக் கொண்டு ஆரம்பியுங்கள்

உன்னிடத்தில் என்ன இருக்கிறது என்றுதான் எலிசா கேட்டான். இல்லாததைக் கேட்கவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை கூடுகிற சகோதரிகளுக்கு நான் சொல்லுவது இதுதான். மூன்று மூன்று பேராய்ச் சேருங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒருத்தி வீட்டுத் திண்ணையில் கூடுங்கள். டீயும் முறுக்கும் போதும். செய்கிற வேலையைக் கையில் வைத்துக்கொண்டே வேதத்தில் ஒரு அதிகாரம் வாசியுங்கள். பிறகு ஒவ்வொருத்தியும் ஜெயத்தில் ஒன்றும் பாரத்தில் ஒன்றும் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு மற்றவள் வாசித்துக் காட்டட்டும். பிரசவித்தவளுக்குப் பத்தியச் சாப்பாடு யார் கொண்டுபோவது, ஆஸ்பத்திரிக்குப் போகிறவளின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று அங்கேயே பேசி முடியுங்கள். கேட்டது அந்தத் திண்ணையை விட்டு இறங்கக்கூடாது.

சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. “பொம்பளைங்க கூடினா வம்புதான்” என்று தடுக்காதேயுங்கள். மரியாள் கர்ப்பவதியாய் யூதாவின் மலைநாட்டுக்கு ஓடினபோது எலிசபெத்தின் வீட்டில்தான் மூன்று மாதம் தங்கினாள். அந்த இரண்டு பெண்கள் சந்தித்தபோதுதான் ஆவியானவர் நிரப்பினார், வயிற்றுப் பிள்ளையும் துள்ளினது!

கடைசிப் பாத்திரமும் நிறைந்து, வேறே பாத்திரம் இல்லை என்று மகன் சொன்னபோதுதான் எண்ணெய் நின்றது. எண்ணெய் தீர்ந்துபோகவில்லை, பாத்திரம் தீர்ந்துபோயிற்று. நம் ஊர்களில் ஆவியானவரின் எண்ணெய்க்குக் குறைவில்லை. உங்கள் வீட்டுக் காலிப் பாத்திரம் யாருக்காகவோ காத்திருக்கிறது. இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்கள். உங்களுக்குத் தேவையானால், வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, கட்டப்பட்ட நாவுகளை அவிழ்த்துவிடும். கேட்கிற காதையும் காக்கிற வாயையும் எங்களுக்குத் தாரும். இன்றிரவு கடனோடும் கண்ணீரோடும் தனியாய்ப் படுத்திருக்கிற ஒவ்வொரு சகோதரியின் வாசலுக்கும் ஒருத்தியை அனுப்பும், எங்களை அனுப்பும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென். அல்லேலூயா!

மாரநாதா.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் அன்புச் சகோதரி